இறந்தகாலம் இல்லாத புத்தகம்

அந்தப் புத்தகம் ஜப்பானுக்குப் பயணம் போகிறவர்களுக்காக எழுதப்பட்டது. நானோ அதுவரை மதுரையைத் தாண்டிப் போனதில்லை. எண்பதுகளின் பிற்பாதி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் டைப்பிஸ்டாக வேலை பார்த்தேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் அம்மாவும் நானும்தான்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்னப் புத்தகம் அவர் மேஜைமேல் கிடந்தது.

“ஏம்மா, நீ பி.ஏ. இங்கிலீஷ்தான?”

“ஆமா சார்.”

“ஜப்பான்ல இருந்து ஒரு இன்ஜினியர் வாராரு. புது வைண்டிங் மெஷினை மாட்டிக் குடுத்து, நம்ம ஆளுகளுக்கும் பழக்கி விட்டுட்டுப் போவாரு. அவருக்கு இங்கிலீஷ் அம்புட்டா வராதாம். சிங்கப்பூர்ல இருந்து சொந்தக்காரன் ஒருத்தன் இதை வாங்கிட்டு வந்தான். படிச்சு வச்சுக்கோ.”

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஜப்பானிய எழுத்து அதில் இல்லை. ஜப்பானியச் சொற்களை ஆங்கில எழுத்தில் போட்டுப் பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள் கொடுத்திருந்தார்கள். அந்த ஆங்கிலத்தைப் பார்த்தால்தான் குழப்பம் வந்தது. அதை விரலால் மறைத்துக்கொண்டு மனதுக்குள் தமிழை வைத்துப் பார்த்தால் சொற்கள் தானாக வரிசையில் வந்து உட்கார்ந்தன. ‘எகி வா தோகோ தெஸ் கா’ என்றால் ‘ஸ்டேஷன் எங்கே இருக்கிறது’. நம்மைப் போலவே அவர்களுக்கும் வினை கடைசியில்தான் வருகிறது. நாம் ‘வந்தானா’ என்று கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்த்துக் கேட்பதுபோல அவர்கள் ஒரு ‘கா’ சேர்க்கிறார்கள். ‘மிஸு ஓ குதாஸாய்’, தண்ணீரைக் கொடுங்கள். அந்த ‘ஓ’ நம்முடைய ‘ஐ’ செய்கிற வேலையைச் செய்தது. கல்லூரியில் ஆங்கில வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பழகிய எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. விமான நிலையம், ஹோட்டல், சாப்பாடு, கடைவீதி, ஊர் பார்த்தல், உடம்பு சரியில்லாமல் போனால் என்று ஒவ்வொரு பகுதியாக மனப்பாடம் செய்தேன்.

அவர் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் அதிலுள்ள கோளாறு தெரிந்தது.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, நரைத்த கிராப்பு, கழுத்தில் ஒரு சின்னத் துண்டு. மேனேஜர் அறையில் எல்லோருக்கும் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னார். நான் தயாராக வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். “ஹாஜிமெமாஷ்தே.” முதல் தடவை பார்க்கிறவர்களிடம் சொல்ல வேண்டியது அது. அவர் முகம் அப்படியே மலர்ந்தது. மடைதிறந்த மாதிரி பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. புத்தகத்தில் கேள்விகள்தான் இருந்தன. பயணம் போகிறவன் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்கள், அதற்கு அங்கே இருக்கிறவன் என்ன பதில் சொல்வான் என்று எழுதவில்லை. இங்கே பயணம் வந்தவர் அவர். ஊர்க்காரி நான். எனக்கு வேண்டியதெல்லாம் பதில்கள்.

அவருக்கு இது சீக்கிரமே புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்னிடம் பேசும்போது ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். மெஷின் வேலைக்கு நான் பெரிதாகத் தேவைப்படவில்லை. சேத்தூரிலிருந்து வருகிற ஃபிட்டர் அண்ணன் ஒருவர் அவர் கூடவே நின்றார். இரண்டு பேரும் சாக்பீஸால் தரையில் படம் போட்டே முக்கால்வாசி வேலையை முடித்துவிடுவார்கள். ஏதாவது புரியாவிட்டால் அவர் “நான்?” என்பார். முதல் வாரம் ஃபிட்டர் அண்ணன் என்னிடம் வந்து, “தங்கச்சி, எதை எடுத்தாலும் நான் நான்னு நிக்காரே, அம்புட்டையும் அவரே செய்வேங்காரா?” என்று கேட்டார். அவர்கள் மொழியில் ‘நான்’ என்றால் ‘என்ன’ என்று நான் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் மெஷின் ஹாலே திரும்பிப் பார்த்தது.

ஆனால் அந்த ஹாலில் எல்லோராலும் சிரிக்க முடியவில்லை. பழைய வைண்டிங் பகுதியில் பெண்கள்தான் வேலை பார்த்தார்கள். கதிரில் இருக்கிற நூலைக் கோனில் சுற்ற வேண்டும். நூல் அறுந்தால் கையால் முடிச்சுப் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடுகிற கைகள் அவை. புது மெஷின் அறுந்த நூலைத் தானே தேடிப் பிடித்து, முடிச்சே இல்லாமல் ஒட்டிவிடும். அது ஓட ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர்களில் ஓர் அக்கா, சேத்தூர்க்காரர், புருஷன் இல்லாதவர், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் கேட்டார்.

“அவருகிட்ட ஒண்ணு கேளேன். இந்த மெஷினுக்கு எம்புட்டு ஆளு வேணும்?”

புத்தகத்தில் ‘எத்தனை பேர்’ என்பது ஹோட்டல் அறை எடுக்கிற பக்கத்தில் இருந்தது. கேட்டேன். அவர் அந்த அக்காவையும் மற்றப் பெண்களையும் பார்த்தார். பிறகு மிகக் கொஞ்சமாக விரல்களைக் காட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் சொன்னார்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. வெயில் ஏறியது. சாயங்காலம் வேலை முடிந்ததும் மில் வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை மலையைக் காட்டி, பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, வீடு என்கிற சொல்லைச் சொன்னார். அவருடைய ஊரிலும் வீட்டுக்குப் பின்னால் மலை இருக்கும் போலிருக்கிறது. இந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது ‘ராஜாபாராயாமு’ என்பார். சப்பட்டை மாம்பழம் வந்த பிறகு சோற்றைவிட அதைத்தான் அதிகம் சாப்பிட்டார்.

சித்திரையில் ஒரு நாள் முற்பகலில் ஃபிட்டர் அண்ணன் ஆபீஸுக்குள் ஓடி வந்தார். “தங்கச்சி, ஓடியா. அவரு கீழ உக்காந்துட்டாரு.”

போனபோது மெஷினில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. முகம் சாம்பல் நிறம். உடம்பு சரியில்லாமல் போனால் என்கிற பகுதி என் வாயில் அப்படியே வந்தது. “தோகோ கா இதாய் தெஸ் கா?” எங்கே வலிக்கிறது?

“கோகோ,” என்று நெஞ்சைத் தொட்டார். பிறகு இடது தோளை. என்னைப் பார்த்து, “தாய்ஜோபு,” என்றார். ஒன்றுமில்லை, சரியாகிவிடும். அதை நம்புகிற நிலையில் அங்கே யாரும் இல்லை. மேனேஜரின் கார் ஏற்கெனவே வாசலுக்கு வந்திருந்தது. ஃபிட்டர் அண்ணனும் நானும் கூடப் போனோம்.

ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே பார்த்தார். ஊசி போட்டார். மாரடைப்பு, கொஞ்சம் நிலைப்பட்டதும் மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லி வண்டிக்கு ஆள் அனுப்பினார். பேச ஆள் வேண்டும் என்று என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நிறுத்தி நிறுத்திப் பேசுவதை விட்டுவிட்டார். யாரோ வீட்டு ஆளிடம் பேசுகிறமாதிரி வேகமாக, மெதுவான குரலில், வெகுநேரம் பேசினார். அதில் ஒரு வாக்கியம்கூட என் புத்தகத்தில் இல்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடைசியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். “ஸமுயி. ஸமுயி.” அது எங்கேயோ படித்த சொல். எங்கே என்று நினைவுக்கு வரவில்லை.

ஃபிட்டர் அண்ணனுக்கு மொழி தேவைப்படவில்லை. “கால் ஐஸ் மாதிரி இருக்கு தங்கச்சி,” என்று சொல்லி அவர் பாதங்கள் இரண்டையும் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கிரீஸ் கறை படிந்த கைகள். தேய்த்துக்கொண்டே இருந்தார். மதுரைக்குப் போகிற வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டாக்டர் வந்து ஃபிட்டர் அண்ணன் தோளைத் தொட்டு, போதும் என்று சொல்கிறவரை தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினேன். தட்பவெப்பம் என்கிற பக்கத்தில் இருந்தது. ‘அட்ஸுயி’ என்றால் சுடுகிறது. அதற்குக் கீழே ‘ஸமுயி’, குளிர்கிறது. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது.

மில்லிலிருந்து பம்பாய்க்கு டெலக்ஸ் போனது. அங்கேயிருந்து ஜப்பானுக்கு. போலீஸ், தாசில்தார், சான்றிதழ் என்று மேனேஜர் அலைந்தார். உடலை மதுரையில் ஒரு சவக்கிடங்கில் வைத்தார்கள். சில நாள் கழித்து அவருடைய மனைவி வந்தார். கூடவே அந்தக் கம்பெனியின் பம்பாய் ஆபீஸிலிருந்து ஒருவர், அவரும் ஜப்பான்காரர், ஆங்கிலம் தெரிந்தவர். பெண் துணைக்கு ஆள் வேண்டும் என்று மேனேஜர் என்னையும் மதுரைக்குக் கூட்டிப்போனார்.

அந்த அம்மா என்னைவிடக் குள்ளம். கறுப்புப் பாவாடை, கறுப்புச் சட்டை. அந்த வெயிலில் நீளக் கை வைத்த சட்டை. விமான நிலையத்தில் எங்கள் எல்லோருக்கும் குனிந்து வணக்கம் சொன்னார். திரும்பத் திரும்பக் குனிந்தார். தன் கணவர் எங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்று பம்பாய்க்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

சவக்கிடங்கில் ஐஸ் பாளங்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். துணியை விலக்கினார்கள். அங்கே நின்ற ஊழியர் அடையாளம் சொல்லச் சொன்னார். பம்பாய்க்காரர் மொழிபெயர்ப்பதற்கு முன்னாலேயே அந்த அம்மா சொன்னார்.

“ஷுஜின் தெஸ்.”

இதுமட்டும் எனக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில், ஒருவரை ஒருவர் அறிமுகப்படுத்திக்கொள்கிற இடத்தில் இருந்த வாக்கியம். ‘இவர் என் கணவர்.’ சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு தம்பதியின் படமும் பக்கத்தில் போட்டிருந்தது.

உடலைப் பெட்டியில் வைத்து ஜப்பானுக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் பேசினார்கள். அந்த அம்மா வேண்டாம் என்றார். அவர் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அங்கேயே எரித்து எலும்பை எடுத்துப்போக வேண்டும் என்றார். பம்பாய்க்காரர் காகித வேலைகளுக்காக மதுரையில் தங்கிவிட்டார். நான் அந்த அம்மாவோடு ராஜபாளையம் திரும்பி, மில் கெஸ்ட் ஹவுஸில் கூட இருந்தேன்.

மறுநாள் மத்தியானம். மின்சாரம் இல்லை. அவர் தங்கியிருந்த அறையிலேயே அந்த அம்மாவும் தங்கினார். கட்டிலில் அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்துக்கொண்டிருந்தார். நான் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தேன். திடீரென்று என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். ‘ஷுஜின்’ புரிந்தது. ‘என்ன’ என்கிற ‘நானி’ புரிந்தது. சாப்பாட்டுச் சொல்லும் அதில் இருந்தது. கணவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்கிறார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சோறு, “கோஹான் ஓ தபெமாஸ்.” மாம்பழம், “மாங்கோ ஓ தபெமாஸ்.” தண்ணீர் நிறையக் குடிப்பார் என்பதைச் சொன்னேன். சாயங்காலம் வாசலில் நின்று, “யாமா ஓ மிமாஸ்,” மலையைப் பார்க்கிறார் என்றேன். அந்த அம்மாவின் முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம் வந்தது. அப்புறம், அப்புறம் என்பதுபோலத் தலையை அசைத்தார். நடக்கிறார். பேசுகிறார். ஃபிட்டரோடு டீ குடிக்கிறார். நான் பாட்டுக்கு அடுக்கிக்கொண்டே போனேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். “தபெமாஷ்தா,” என்றார், மெதுவாக.

உச்சரிப்பைத் திருத்துகிறார் என்று நினைத்து “தபெமாஸ்” என்று இன்னும் அழுத்திச் சொன்னேன். இல்லை என்று தலையை ஆட்டினார். எழுந்துபோய்ப் பானையிலிருந்து டம்ளரில் தண்ணீர் எடுத்து வந்தார். டம்ளரை என் முன்னால் உயர்த்திப் பிடித்து, “நொமிமாஸ்,” என்றார். பிறகு நிதானமாகத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். காலி டம்ளரை என் பக்கம் சாய்த்துக் காட்டினார். “நொமிமாஷ்தா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடிக்கிறார், குடித்தார். பயணிகளுக்கான அந்தப் புத்தகத்தில் ஸ்டேஷன் இருக்கிறது, சோறு வேண்டும், விலை என்ன என்பதெல்லாம் உண்டு. நடந்து முடிந்ததைச் சொல்ல அதில் பாடம் கிடையாது. எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் அந்த மனிதர் இன்னும் சாப்பிட்டுக்கொண்டும் மலையைப் பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறார். அந்த அம்மா அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போதும் என்று முடிவு செய்திருக்கிறார்.

நான் சொன்ன வாக்கியங்களை எல்லாம் திரும்பச் சொல்லவைத்தார். ஒவ்வொன்றின் வாலையும் மாற்றவைத்தார். சாப்பிட்டார். குடித்தார். மலையைப் பார்த்தார். நடந்தார். பேசினார். பள்ளிக்கூடத்தில் இலக்கணம் ஒப்பிப்பதுபோல நானும் சொல்லிக்கொண்டே வந்தேன். நம் மொழியில் அந்தக் காலத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. கடைசியில் தானே ஒரு வாக்கியம் சொன்னார். “ஷுஜின் வா நகுநாரிமாஷ்தா.”

அந்தச் சொல்லின் முன்பாதி எங்கேயோ கேட்டமாதிரி இருந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், போலீஸிடம் போய்ச் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. ‘என் பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிட்டேன்.’ அதன் வாலும் ‘மாஷ்தா’தான், அதுவரை நான் கவனித்ததில்லை. தொலைப்பதற்கும் சாவதற்கும் அவர்கள் மொழியில் தலைப்பகுதி ஒன்றுதான்.

பிறகு அவர் கேட்டது, கடைசியில் என்ன சொன்னார் என்று. எனக்கு வேறு வழியில்லை. “ஸமுயி,” என்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஐஸ் பாளங்களை அவரும் பார்த்தவர்தானே. நான் அவசர அவசரமாகக் கீழே குனிந்து, ஃபிட்டர் அண்ணன் எப்படி அவர் பாதங்களைப் பிடித்துத் தேய்த்தார் என்று என் பாதத்தையே தேய்த்துக் காட்டினேன். யார் என்று கேட்டார். ஜன்னல் வழியாக வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தவரைக் காட்டினேன். அந்த அம்மா ஜன்னலருகே போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த சிக்கல் சுடுகாடு. நம் பக்கத்தில் பெண்கள் அங்கே போவதில்லை. ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள், அம்மா இங்கேயே இருக்கட்டும் என்றார் மேனேஜர். மதுரையிலிருந்து உடலோடு வந்திருந்த பம்பாய்க்காரர், எலும்பைக் குடும்பத்தார்தான் எடுக்க வேண்டும், மனைவி போகாமல் முடியாது என்று சொல்லிவிட்டார். மேனேஜர் யோசித்தார்.

“சரி, அவிய வழக்கம் அவியளுக்கு. ஆனா அம்புட்டு ஆம்பளைக்கு நடுவுல ஒத்தப் பொம்பளையா எப்பிடி விடுறது?”

வைண்டிங் அக்கா அங்கே வந்திருந்தார். “நான் வாரேன் சார். என்னைய யாரு என்ன சொல்லப் போறா?” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீ வேண்டாம். கல்யாணம் ஆக வேண்டியவ,” என்றார். ஆனால் அவருக்கு மொழி தெரியாது.

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? வத்திராயிருப்புக்காரவிய அடுத்த மாசம் பூ வைக்க வாராவ. காதுல விழுந்துச்சுன்னா?”

“அந்த அம்மா தனியா நிக்காவம்மா.”

“நமக்கு என்னட்டி? யாரோ எவரோ.”

அம்மா கரண்டியை எடுத்து எனக்குச் சோறு போட்டார். அப்பா போனபோது வாசலோடு நிறுத்தப்பட்டவர் அவர். காலையில் நான் கிளம்புகையில் மட்டும், “வந்து கொல்லைப்பக்கமாப் போயித் தலைக்கு ஊத்திட்டுப் பொறவு உள்ள வா,” என்றார்.

சுடுகாட்டில் விறகும் எருவாட்டியும் அடுக்கியிருந்தார்கள். கொள்ளி வைப்பது யார் என்று ஒரு தயக்கம் வந்தது. ஃபிட்டர் அண்ணன் எரிகிற கட்டையை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். வாங்கி, அவரே வைத்தார். தீ பிடித்ததும் இரண்டு கையையும் சேர்த்துக் குனிந்தார். புகை எங்கள் பக்கமாக வந்தது. அந்த அம்மா நகரவில்லை. வைண்டிங் அக்கா தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் எலும்பு எடுக்கப் போனோம். சாம்பல் ஆறியிருந்தது. ஃபிட்டர் அண்ணன் புது மண்கலயமும் பாலும் கொண்டுவந்திருந்தார். நம் வழக்கப்படி பால் தெளித்தார். அந்த அம்மா அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் “ஹாஷி,” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது சாப்பாட்டு அத்தியாயத்தில் வருகிற சொல். அவர்கள் சாப்பிடப் பயன்படுத்துகிற குச்சிகள். அந்த இடத்தில் அதை ஏன் கேட்கிறார்? அவர் இரண்டு விரலைக் குச்சிபோல நீட்டி, சாம்பலிலிருந்து எதையோ எடுத்துக் கலயத்தில் போடுகிறமாதிரி காட்டினார்.

எலும்பைக் கையால் தொடுவதில்லை போலிருக்கிறது. ஃபிட்டர் அண்ணன் மூங்கில் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து, இடுப்பிலிருந்த கத்தியால் பிளந்து, நீளமாக, வழவழப்பாகச் சீவிக் கொடுத்தார். அந்த அம்மா ஒரு ஜோடியை எடுத்துக்கொண்டு இன்னொரு ஜோடியை அவரிடமே நீட்டினார்.

ஃபிட்டர் அண்ணன் பின்வாங்கினார். “தங்கச்சி, எனக்கு என்ன பாத்தியதை? நான் ரத்த சொந்தமா?”

அவர் சொன்னதை மொழிபெயர்க்க எனக்குத் தெரியவில்லை. தேவைப்படவும் இல்லை. அந்த அம்மா தன் பாதத்தைத் தொட்டுக் காட்டி, அவர் கைகளைக் காட்டினார். தங்கள் வழக்கத்தில் கால் எலும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும், இரண்டு பேர் சேர்ந்து எடுக்க வேண்டும், கலயத்துக்குள் ஆள் தலைகீழாக இருந்துவிடக் கூடாது என்று பின்னால் நின்ற பம்பாய்க்காரர் ஆங்கிலத்தில் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். ஃபிட்டர் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டி போட்டார். மூங்கில் குச்சியை அந்த அம்மா பிடிப்பதைப் பார்த்து அதேமாதிரி பிடித்துக்கொண்டார். வெள்ளையாக வெந்திருந்த ஒரு சின்ன எலும்பை இரண்டு பேரும் இரண்டு பக்கமாகப் பிடித்து, மெல்லத் தூக்கி, கலயத்துக்குள் இறக்கினார்கள். அது கலயத்தின் அடியில் பட்ட சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் அந்த அம்மா அழுதார். ஊரில் பெண்கள் அழுகிறமாதிரி, வாய்விட்டு. வைண்டிங் அக்கா அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, “அழு தாயி, அழுதிரு,” என்றார். இரண்டு பேரும் வேறு வேறு மொழியில் வெகுநேரம் அழுதார்கள்.

கலயத்தை வெள்ளைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அவர் மதுரைக்குப் போனார். கார் கதவருகே நின்று நான் “அரிகாதோ”, நன்றி என்றேன். போய் வாருங்கள் என்பதற்குப் புத்தகத்தில் சொல் இருந்தது. அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. அவர் என் கன்னத்தில் கையை வைத்தார். கார் போய்விட்டது.

வத்திராயிருப்புக்காரர்கள் பூ வைக்க வரவில்லை. பெண் சுடுகாட்டுக்குப் போய் வந்தவள், ஜப்பான்காரனோடு பேசித் திரிந்தவள் என்று சொல்லியனுப்பினார்கள். அம்மா என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. பின்னால் வந்த இரண்டு இடங்களும் அதே காரணத்தால் தட்டிப்போயின. எனக்குக் கல்யாணம் ஆனது தொண்ணூறுகளில், வயது கடந்து, மனைவியை இழந்த ஒருவரோடு. அதைப்பற்றி எனக்குக் குறையில்லை. அம்மாவுக்கு இருந்தது. சாகும்வரை இருந்தது.

மெஷினை முடித்துக் கொடுக்க வேறொரு இன்ஜினியர் வந்தார். இளைஞர். நன்றாக ஆங்கிலம் பேசினார். நான் தேவைப்படவில்லை. ஆடி மாதம் மெஷின் ஓட ஆரம்பித்தது. அறுந்த நூலைத் தானே தேடிப் பிடித்தது. முடிச்சே தெரியவில்லை. ஒரு வருஷம் முடிவதற்குள் வைண்டிங் பெண்களை ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அதற்கான கடிதங்களை டைப் அடித்தவள் நான்தான். சேத்தூர் அக்காவின் கடிதத்தையும் அடித்தேன். ‘தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை’ என்று முடியும் அது. அவர் அதை வாங்கி, என்னைப் படிக்கச் சொல்லாமலேயே மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

சில வருஷம் கழித்து ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கூடையில் கொய்யாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. அவர்தான் முதலில் கேட்டார்.

“அந்த ஜப்பான்காரம்மா எப்பிடி இருக்காவ? ஏதாச்சும் தெரிஞ்சுதா?”

“ஒண்ணும் தெரியலக்கா.”

“புள்ள குட்டி இருக்கோ என்னவோ. அன்னிக்குக் கேக்காமப் போயிட்டோம்.” கூடையிலிருந்து நல்லதாக ஒரு பழத்தைப் பொறுக்கி எடுத்து முந்தானையில் துடைத்தார். “ஒத்தையில கெடந்து என்ன பாடு படுதாவளோ,” என்று சொல்லிக்கொண்டே அதை என் கையில் வைத்தார். என் பஸ் வந்து நின்றது. நான் ஏறிக்கொண்டேன்.